கதவைச் சாத்திப் போட்ட எடை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தொழிற்சாலைத் தலைவர் அம்மா அவர்களே, இறக்கை பொருத்திய பெரியவர்களே, இருக்கை தைத்த தாய்மார்களே, பெயின்ட் வாசம் போகாத கைகளோடு வந்திருக்கும் தம்பிமார்களே! எடைப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் எண்களோடு மட்டுமே பேசிப் பழகியவனின் பணிவான வணக்கம்.

என்ன தம்பி, கேட்கவில்லையா? மைக்கைக் கிட்டே பிடிக்கச் சொல்கிறார்கள். எனக்கு மைக்கும் புதிது, தைரியமும் புதிது.

இன்று நம் நூறாவது விமானம் வெளியே போகிறது. இருநூறு பேர் அமரும் நடுத்தர விமானம். இந்தச் சந்தையில் நம் எதிரே நின்றவர்கள் யார்? நம்மைவிட நான்கு மடங்கு பெரிய கம்பெனி! அவர்கள் கையில் ஆர்டர். நம் கையில் நம்பிக்கை. நம்மைத் தேடி வந்ததே ஒரே ஒரு விமான நிறுவனம். எடை கூடினால் எரிபொருள் செலவும் கூடுமே! அதனால் அதுவும், "நீங்கள் சொன்ன எடைக்கு மேல் போனால் அவர்களிடமே போய்விடுவோம்" என்றது. போயிருந்தால்? இந்தக் கூடத்துக்குப் பூட்டு!

முதல் விமானத்தை எடை போட்ட நாள் நினைவிருக்கிறதா? படம் எடுக்க வெளிச்சம் வேண்டுமென்று விற்பனை மேலாளர் பெரிய கதவைத் திறக்கச் சொன்னார். கதவு திறந்தால் காற்று வரும். காற்று வந்தால் இறக்கை விமானத்தை லேசாகத் தூக்கும். தராசு குறைத்துக் காட்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். வாய் வந்ததா? வரவில்லை. சொன்ன எடையைவிட முப்பது கிலோ குறைவு என்றது தராசு. எல்லோரும் கைதட்டினீர்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை மேலாளர் அறை வாசல்வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன்.

"என்னய்யா, இங்க நடை பழகுறீங்களா?"

"சார்... நேத்து கதவு திறந்திருந்துச்சு. எடை தப்பு. மறுபடி போடணும்."

"விளையாடுறீங்களா? வாங்க வந்தவங்க கேன்டீன்ல காபி குடிச்சிட்டிருக்காங்க!"

"அவங்க முன்னாடியே போடலாம் சார்."

கதவைச் சாத்தினோம். போட்டோம். சொன்ன எடையைவிட எண்பத்திரண்டு கிலோ கூடுதல்! வாங்க வந்த தலைமைப் பொறியாளர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேசாம இருந்திருந்தா இன்னைக்கு ஒப்பந்தம் முடிஞ்சிருக்குமே. ஏன் சொன்னீங்க?"

"நீங்க வாங்கறது விமானம்ங்க, காத்து இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "பத்து நாள் தர்றேன். குறைச்சுக் காட்டுங்க."

குறைத்தது யார்? நானா? எனக்கு எடை போடத்தான் தெரியும், இறக்கத் தெரியாது. "சீட்டு முதுகுல மடக்குற சாப்பாட்டுத் தட்டுக்கு ரெண்டு கொக்கி எதுக்குண்ணே?" என்று கேட்டாரே இருக்கைப் பிரிவு அக்கா, அவர் குறைத்தார்! "மூணு பூச்சு வேணாம், ரெண்டுலயே மின்ன வைக்கிறேன்" என்றாரே பெயின்ட் மேஸ்திரி, அவர் குறைத்தார்! கொக்கி கொக்கியாகக் குறைத்தீர்கள். கிராம் கிராமாகக் குறைத்தீர்கள். பத்தாம் நாள் பெரிய கதவைத் தள்ளிச் சாத்தியவர் யார் தெரியுமா? அதே விற்பனை மேலாளர்! சொன்ன எடைக்கு மூன்று கிலோ கீழே நின்றது விமானம். நாற்பது விமானங்களுக்கு ஆர்டர் தந்துவிட்டுப் போனார் அந்த அம்மா.

நேற்று நூறாவது விமானத்துக்கு எடை போட்டோம். புதிதாக வந்த புகைப்படக்காரர், "கொஞ்சம் கதவைத் திறங்களேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கூடமே முழங்கியது: "திறக்காதே!"

என் உறவுகளே, எத்தனை பெரிய கம்பெனியும் எதிரே வரட்டும். பயந்தவன் ஒருவன் தயங்கிச் சொன்னதைத் தன் குரலாக்கிக்கொண்ட கூடம் இது! இனி நான் பேசாமலிருந்தாலும் பரவாயில்லை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. அந்த நூறாவது விமானத்துக்கு என் வணக்கம்!