இடைவேளை இல்லாத படம்

பழைய படம் பார்க்கும்போது முறுக்குத் தின்னக் கூடாது என்பது என் கொள்கை. தட்டுவடையும் கூடாது. இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை இன்ஸ்பெக்டர் மேடம். அந்தக் காலத்துப் படங்களில் ஒலிப்பதிவு மெல்லியது. கதாநாயகி ஒரு பெருமூச்சு விட்டால் அது நம் காதில் விழ வேண்டும். பக்கத்தில் ஒருவர் நொறுக்கென்று கடித்தால் பெருமூச்சு போய்விடும். பிறகு அந்தக் காட்சியில் பார்ப்பதற்கு என்ன மிச்சம்?

நீங்கள் தம்பிதுரையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். தெரியும். அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன்.

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். உக்கடத்தில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கின் மாடியை வாடகைக்குப் பிடித்து, பழம்பட ரசிகர் சங்கம் என்று ஒன்றை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவேன். நாற்காலிகளைத் துடைப்பது, திரையை இழுத்துக் கட்டுவது எல்லாம் என் கைவேலைதான். புரொஜெக்டரை மட்டும் லின்சி என்ற பெண் பார்த்துக்கொள்வாள். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவள், கெட்டிக்காரி.

அங்கே சில விதிகள் உண்டு. கைப்பேசியையும் பையையும் வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். படம் தொடங்கியதும் கதவை உள்ளே பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். இடைவேளை கிடையாது. பேச்சு கிடையாது. என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பாதிரியார் என்று கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். நாயகன் வருவதற்கு முன் அவன் நிழல் சுவரில் வரும், அதைப் பாருங்கள் என்று இந்த ஊரில் அவர்களுக்கு வேறு யார் சொல்லித் தந்தது? அழுகிற முகத்தைக் காட்டாமல் அழுபவளின் கையை மட்டும் டைரக்டர் காட்டியிருக்கிறான், ஏன் என்று யோசியுங்கள் என்று யார் சொன்னது? முதலில் கொட்டாவி விட்டார்கள். போகப்போகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள். அதற்கு எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

அப்புறம்தான் தம்பிதுரை வந்து சேர்ந்தார். பல்லடத்தில் கோழித்தீவனக் கடை வைத்திருந்து, அதை மகனிடம் கொடுத்துவிட்டவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வந்த முதல் நாளே, "ஏனுங் சார், இந்தப் படத்தெ நானு டென்ட் கொட்டாயில மண்ணுல உக்காந்து பாத்தனுங்க" என்று தொடங்கிவிட்டார். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே பாடுவார். வசனத்தை நடிகருக்கு முன்பே சொல்லிவிடுவார். சாவுக் காட்சி வந்தால் கேட்கவே வேண்டாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் செருகி, நாற்காலியிலிருந்து சரிந்து, திரையில் இருப்பவன் செத்துத் தொலைந்த பிறகும் இவர் செத்துக்கொண்டிருப்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். லின்சியும் சிரிப்பாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அவருக்கு உண்மையிலேயே நெஞ்சுக் கோளாறு உண்டு. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை அட்டை சட்டைப்பையில் இருக்கும். படம் மிக அமைதியாக இருக்கும் இடம் பார்த்து அதை எடுத்துக் கிழிப்பார். சரசரவென்று சத்தம். உடனே முன்வரிசை திரும்பிவிடும். "என்னாச்சுங்ண்ணா? தண்ணி வேணுங்களா?" என்று பத்துக் குரல். "ஒண்ணுமில்லீங், நீங்க படத்தெப் பாருங்க" என்று இவர் பதில் சொல்வார். அதற்குள் அந்தக் காட்சி முடிந்திருக்கும்.

போன மாதம் சங்கக் கூட்டம் போட்டார்கள். நான் போடவில்லை, அவர்களாகவே போட்டார்கள். இனி இடைவேளை விட வேண்டும், டீயும் போண்டாவும் கொடுக்க வேண்டும், பாட்டு வந்தால் சேர்ந்து பாடலாம், படத்துக்கு முன்னால் தம்பிதுரை பேசுவார். கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் எழுந்தன. லின்சி கொஞ்சம் தயங்கினாள், பிறகு அவளும் தூக்கினாள். அப்போது தம்பிதுரை எழுந்து, "சார் மனசு நோவக்கூடாதுங்க. தலைவரா அவரே இருக்கட்டுங்க. நாம கொஞ்சம் ஜாலியா இருந்துக்கலாமுங்க" என்றார்.

அவர் எனக்காக இரக்கப்பட்டார் மேடம். கோழித்தீவனம் விற்றவர் எனக்காக இரக்கப்பட்டார். அதற்காக அவரை நான் வெறுத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. எனக்கு யார் மீதும் வெறுப்பு வருவதில்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கடைசியாக ஒரே ஒரு படத்தைப் பழைய முறைப்படி போட்டுவிடுகிறேன், அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம் என்றேன். "அதுக்கென்னுங் சார்" என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

இந்த வட்டாரத்திலேயே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. ஓடிய சில நாட்களிலேயே தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்களாம். எங்கெங்கோ அலைந்து ஒரு பிரதியைப் பிடித்திருந்தேன். மகனைச் சிறு வயதில் தொலைத்த ஒருத்தி ரயில் நிலையத்தில் தண்ணீர் கொடுக்கும் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு வண்டி வரும்போதும் முகங்களைப் பார்க்கிறாள். கடைசியில் ஒரு வண்டியிலிருந்து அவன் இறங்குகிறான். அடையாளம் தெரிகிறதா இல்லையா என்பதுதான் கதை. நீளமான படம். கதையை எங்கோ படித்திருந்தேனே தவிர, நானும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. எந்தப் படத்தையும் முதல் தடவை கூட்டத்தோடுதான் பார்ப்பேன்.

அன்று வாசலில் தம்பிதுரையை நிறுத்தினேன். "அந்த மாத்திரை அட்டை சரசரங்குதுங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும். நான் பக்கத்துலதான உக்காரப் போறேன்" என்றேன். அவர் சிரித்தார். பிள்ளைகளுக்கு மிட்டாய் எடுத்துக் கொடுப்பதைப் போல எடுத்து நீட்டினார். "உங்க கோயிலுங் சார், உங்க சட்டமுங்க. வேணும்னா கேக்கறனுங்க."

அட்டையைக் கூடையில் போட்டேன். கூடையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கூடையைப் பீரோவில் வைக்கும் வழக்கம் அதற்கு முன்பு இருந்ததா என்று லின்சியிடம் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அன்றுதான் முதல் தடவை.

படம் ஆரம்பித்தது. அப்படி ஓர் அமைதி எங்கள் கூடத்தில் அதுவரை இருந்ததில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள், தம்பிதுரை உட்பட. பாட்டு வந்தபோது அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பாதிப் படத்துக்கு மேல் போன பிறகு அவர் கை என் மணிக்கட்டில் வந்து விழுந்தது. ஈரமாக இருந்தது.

"சார்... மாத்திரைங்..."

நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். "கொஞ்சம் பொறுங்க. இந்தக் காட்சி முடியட்டும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். பொறுத்தார். நம் ஊர் மரியாதை அப்படிப்பட்டது மேடம். உயிர் போகிற வலியிலும், சார் சொல்லிவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி முடிந்து அடுத்த காட்சி வந்தது. அவர் மறுபடி என் கையை இழுத்தார். நான் திரையைக் காட்டினேன்.

அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முன்வரிசை திரும்பியது. "அண்ணன் ஆரம்பிச்சுட்டாருங்கடோய்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். ஆனால் லின்சி எழுந்துவிட்டாள். திரையில் யாரும் சாகவில்லையே, இவர் எதற்கு இப்படிச் செய்கிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். விளக்குப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள். கொண்டுபோனவள் என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சிரித்தேன்.

அந்தக் கூடத்தில் நான் சிரித்து அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. சாரே சிரிக்கிறார் என்றால் அது வேடிக்கைதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு லின்சி உட்கார்ந்தாள். கூடமே சிரித்தது. நான் உதட்டில் விரலை வைத்தேன். உடனே அடங்கினார்கள். என் சிரிப்பு தானாக வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வேண்டாம். அதை நான் வரவழைத்தேன். சாவி என் பையில் இருந்தது, மாத்திரை எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், தரையில் கிடப்பவர் நடிக்கவில்லை என்றும் எனக்கு மட்டும்தான் தெரியும். அவரைக் கொன்றது நான்தான்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் கைதட்டினார்கள். பலர் அழுதுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தார்கள்.

அவர் மனைவி பொற்கொடியிடம், பிடித்த படத்தைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாகப் போய்விட்டார் என்று சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. "மாத்திரெ இல்லாம வாசப்படி தாண்ட மாட்டாருங்களே. சட்டப்பை வெறுசா இருக்குதுங்களே" என்று மட்டும் கேட்டது. அங்கிருந்து உங்களிடம்தான் வந்திருக்கிறது.

எல்லாம் சொல்லிவிட்டேன். நான் செய்தது எனக்காக அல்ல என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தின் கடைசிப் பகுதியைக் குறுக்கீடு இல்லாமல் ஒரு தடவையாவது மனிதர்கள் பார்க்க வேண்டும். அதற்காகச் செய்தேன்.

இப்போது நீங்கள் பேனாவை மூடிவிட்டு, "படத்துல கடைசியில அந்தம்மாவுக்கு மகனை அடையாளம் தெரிஞ்சுதுங்களா சார்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. லின்சியைக் கேளுங்கள், வந்திருந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள். எனக்குத் தெரியாது. தம்பிதுரையின் கண்கள் திறந்திருந்தன. திரை வெளிச்சம் அவர் முகத்தில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. படம் முடிகிறவரை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.