நிதானம் அண்ணன் கவனக்குறைவால் சாகவில்லை

மேடையில் இருக்கும் பட்டறை முதலாளி அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வேலை உடுப்போடு அப்படியே ஓடி வந்திருக்கும் தோழர்களே! உங்களுக்கு வணக்கம் சொல்லக் கை எழுகிறது. முகத்தைப் பார்க்கத்தான் கண் கூசுகிறது. சங்கச் செயலாளன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசப்போவது அண்ணனுக்குப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த வெல்டராக.

நம் மூத்த ஃபிட்டர், நிதானம் அண்ணன், போய்விட்டார். அந்தப் பெயரை அவருக்கு வைத்தது யார்? நாம். பாராட்டியா வைத்தோம்? நக்கலாக வைத்தோம்! இரும்பு அறுக்கும் மெஷினுக்குப் புது வீல் வந்தால் நாம் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று மாட்டுவோம். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரிசல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிளக்கைப் பிடுங்காமல் மெஷினில் கை வைக்கமாட்டார். நம் பெயிண்டர் தொளதொளவென்று சட்டைக்கை ஆட மெஷின் பக்கம் வந்தால், தானே பிடித்துப் பொத்தான் போட்டுவிடுவார். "மெஷினுக்கு மாமன் மச்சான் தெரியாதுப்பா" என்பார்.

ஒருமுறை துளை போடும் மெஷினின் ஒயர் நைந்து கிடந்தது. டேப் சுற்றி ஓட்டிவிடலாம் என்றோம். அண்ணன் பிளக்கையே வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முதலாளி தாம்தூம் என்று குதித்தார். அண்ணன் அசையவில்லை. "நல்லா திட்டுங்க முதலாளி. திட்டு வாங்குறதுக்கு ஆள் உயிரோட இருக்கணும்ல?" என்றார். மறுநாள் புது ஒயர் வந்தது. அதில் பிழைத்த உயிர் யாருடையது என்று யாருக்குத் தெரியும்? என்னுடையதாகவும் இருக்கலாம்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

இரும்பு அறுக்கும் அந்த மெஷினில் வீலை மூடி ஒரு தகரக் கவசம் உண்டு. கார்டு என்போம். வீல் உடைந்தால் துண்டுகள் ஆள்மேல் பாயாமல் தடுப்பது அதுதான். ஆனால் நாம் செய்யும் இரும்பு கேட்டுகளின் மூலைகளில் அது இடிக்கும். அதனால் நாம் கழற்றிவிடுவோம். காலையில் அண்ணன் மாட்டுவார். மத்தியானம் நம்மில் யாராவது கழற்றுவோம். பிறகு அதுவே விளையாட்டாகிப் போனது. கழற்றி ஒளித்து வைப்பதும், அவர் தேடுவதும், நாம் சிரிப்பதும்! "அண்ணே, நீங்க கார்டு மாட்டி முடிக்கிறதுக்குள்ள கேட்டு துருப்பிடிச்சிரும்!" எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

அன்றைக்கும் கார்டு பெயிண்ட் டின்களுக்குப் பின்னால் கிடந்தது. எனக்குத் தெரியும். இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். "கார்டு எங்கடா? விளையாடாதீங்கடா" என்று மேஜை மேஜையாக வந்து கேட்டார். நான் உதட்டைப் பிதுக்கினேன். முதலாளி வாசலில் நின்று, "வண்டி வந்து நிக்குது, இன்னும் என்ன ஆராய்ச்சி?" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தோம். ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் தனியாளாக நின்று சிரிப்பு வாங்குவார்? பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினைக் கையில் எடுத்தார். மூலையில் வீல் சிக்கி உடைந்தது. கண்ணாடி கண்ணைக் காப்பாற்றியது. கழுத்தைக் காப்பாற்ற அங்கே ஒன்றுமில்லை.

விதி என்று இங்கே வரும்போது வாசலில் யாரோ சொன்னார்கள். விதியா ஸ்பேனர் எடுத்துக் கழற்றியது? விதியா டின்னுக்குப் பின்னால் ஒளித்தது?

இதைவிடக் கேவலம் அதற்குப் பிறகு நடந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி, "கார்டு இல்லாம ஓட்டுனது யாரு?" என்று கேட்டார். "அவர்தான் சார்" என்றேன். அதில் பொய் ஒரு சொல்லாவது உண்டா? இல்லை! ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை என் ஆயுளில் நான் சொன்னதில்லை. பின்னால் நின்ற நீங்கள் அத்தனை பேரும் தலையாட்டினீர்கள். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

அடுத்த நாள் அண்ணி பட்டறைக்கு வந்தார். அண்ணனின் சாமான்களை எடுத்துப்போக வந்தவர், நம்மைப் பார்த்துக் கைகூப்பினார். "அவர் கவனமில்லாம இருந்து உங்க எல்லாருக்கும் சிரமம் குடுத்துட்டாரு. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நம்மிடம் மன்னிப்புக் கேட்டார், தோழர்களே! அதற்குப் பதில் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால், அன்று இரண்டு வாய் சோறாவது இறங்கியிருக்கும்.

இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றது போதும். நாளைக் காலை அந்த அதிகாரியிடம் போகிறேன். கார்டு எங்கே இருந்தது, யார் ஒளித்தது, யார் அவசரப்படுத்தியது, எல்லாவற்றையும் சொல்வேன். முறைக்காதீர்கள் முதலாளி, உங்களையும் சேர்த்துத்தான். என் வேலை போனால் போகட்டும். கார்டு இல்லாத மெஷினை இனி இந்தச் சங்கத்து ஆள் ஒருவனும் தொடமாட்டான். இது அண்ணன்மேல் ஆணை.

பின்னால் யார் எழுந்தது? பெயிண்டரா? நீயும் வருகிறாயா? வா. இன்னும் யார்? எழுந்தவர்கள் உட்காராதீர்கள், அண்ணி பார்க்கட்டும்.

அண்ணி, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். கைகூப்ப வேண்டாம். மகளிடம் மட்டும் சொல்லுங்கள்: அப்பா கடைசிவரை கவனமாகத்தான் இருந்தார். இதோ நிற்கிறோமே, நாங்கள்தான் அவரைச் சாகவிட்டோம்.