ஒஸ்மோ ராந்தலா நட்ட பனிக்கோல்களும் அறுந்த தொலைபேசிக் கம்பியும்

என் பெயர் ஒஸ்மோ ராந்தலா, வயது 57. ஹவுக்கிபெரா கிராமத்துக் காட்டுப் பாதையில் கடைசி வீடு என்னுடையது. பழைய டிராக்டர் உதிரிபாகங்கள் வாங்கி விற்கிறேன். 2016 அக்டோபர் 15, சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு என் பாதை வளைவில் தொலைபேசி நிறுவனத்தின் நிலத்தடிக் கம்பி அறுந்தது. அறுத்தது மிர்யா கோர்பெலா ஓட்டிய பொக்லைன். அறுபடக் காரணம் நான்.

பல்சக்கரத்தை வீடியோவில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே என் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்புவார்கள். படம் பாதியில் நின்றால் வியாபாரமும் நின்றுவிடும். கைபேசி இணைய இணைப்பு வாங்கிப் பார்த்தேன்; நீராவிக் குளியலறையான சவுனாவின் கூரைமேல் ஏறினால்தான் வீடியோவுக்குப் போதிய சிக்னல் வந்தது. அதன் பிறகு செயற்கைக்கோள் இணையத்துக்கான டிஷ் விற்பவர் வந்தார். இரண்டு வருடக் கட்டாயம் என்றதும் அனுப்பிவிட்டேன். அதன் பிறகு நகரத்து நிறுவனம் ஒன்று ஃபைபர் இணையக் கேபிள் இழுக்க ஒன்பதாயிரம் யூரோ கேட்டது. மிஞ்சியது, ஊரார் சேர்ந்து கேபிள் இழுக்கும் எங்கள் கூட்டுறவுச் சங்கம் மட்டுமே: வீட்டுக்கு ஆயிரத்து இருநூறு யூரோ, மூன்று நாள் கூலியில்லா உழைப்பு. கூலியில்லாத இடத்தில் வேலை நடக்குமா என்று சந்தேகப்பட்டேன். அது தவறு.

என் வீடு வரை அறுநூறு மீட்டர் பாறை. அதனால் செப்டம்பர் கூட்டத்தில் என்னை விட்டுவிடலாம் என்று பேச்சு வந்தது. பொக்லைன் ஓட்டிப் பிழைக்கும் மிர்யா அப்போது எழுந்து, "பாறைய நான் பாத்துக்கிறேன். வேலைக்கு வர்றவங்களுக்கு அவன் போடுற பட்டாணி சூப்பைத்தான் என்னால பாத்துக்க முடியாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என் பெயர் பட்டியலில் நின்றது.

அதன் பிறகு சங்கத்தார் கேபிள் வரைபடத்தைச் சரிபார்த்து, ஆரஞ்சுப் பட்டை கட்டிய கோல்களை வழிநெடுக நட்டுப் போனார்கள். அக்டோபர் பதினான்காம் தேதி மாலை, தரை உறைவதற்கு முன் முடிக்க வேண்டுமே என்று, பனி மூடினாலும் பாதையின் ஓரம் தெரிவதற்கான என் பனிக்கோல்களை நட்டேன். இருநூறு கோல்கள் மலிவாகக் கிடைத்திருந்தன. அவற்றிலும் ஆரஞ்சுப் பட்டைதான். மிர்யாவிடம் நான் சொல்லவில்லை. மறுநாள் வளைவில் அவர் என் கோல் வரிசையைப் பிடித்து, வரைபட வழியிலிருந்து மூன்று மீட்டர் விலகித் தோண்டினார். வாளியில் கறுப்புக் கம்பி தொங்கிக்கொண்டு வந்தது.

மிர்யா இறங்கிப் பார்த்தார். "ஏன்யா ஒஸ்மோ, இந்தக் கோல் யாரு நட்டது?"

"நான்தான். சரி விடு, மண்ணத் தள்ளி மூடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உடைஞ்ச கியரையும் பெயின்ட் அடிச்சு இப்படித்தான் விக்கிறியா நீ?"

அங்கேயே நின்று நிறுவனத்துக்குப் போன் செய்தவர் அவர்தான். ஒன்பது வீடுகளில் தொலைபேசி நின்றது. அவற்றில் ஒன்றான இதய நோயாளி ஆர்வோவின் வீட்டில், உதவிக்கு அழைக்கும் அவசரப் பொத்தானும் நின்றது. கம்பி மீண்டும் இணைக்கப்பட்ட ஞாயிறு மாலை வரை மிர்யா தம் கைபேசியோடு ஆர்வோ வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு, மிர்யா கவனக்குறைவாகத் தோண்டினார், மறைக்கவும் பார்த்தார் என்று நிறுவனம் புகார் கொடுத்ததாக அறிந்தேன். குற்றம் உறுதியானால் சாலைத் துறை அவருக்கு வேலை தராது. அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. மறைக்கச் சொன்னது நான், மறுத்தது அவர். இதைச் சொல்லத்தான் அழைப்பு வருமுன் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். அக்டோபர் 22 அன்று, புகார் தலைமேல் இருக்கும்போதே, அவர் மீதிப் பாறையையும் உடைத்து என் வீட்டுச் சுவர் வரை கேபிளைக் கொண்டுவந்தார். அன்றே எஸ்தோனியாக்காரர் ஒருவர் கியர்பெட்டியை வீடியோவில் பார்த்து வாங்கினார். இதற்கான நன்றியை நான் இன்னும் மிர்யாவிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, இங்கே பதிவாகட்டும்.

அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். என் வார்த்தைகளே இவை, நடந்தது இதுவே, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொலைபேசி நிறுவனத்தோடு இன்று எழுதிக்கொண்ட உடன்பாடு இதனுடன் இணைக்கப்பட்டுள்ளது.

(ஒப்பம்) ஒஸ்மோ ராந்தலா
அக்டோபர் 27, 2016

இணைப்பு: கம்பி பழுதுபார்த்த செலவு 2,860 யூரோவை நவம்பர் 30-க்குள் ஒஸ்மோ ராந்தலா ஒரே தவணையில் கட்டுவார். மிர்யா கோர்பெலாவிடமோ அவரது காப்பீட்டிலோ ஒரு சென்ட்டும் கேட்கப்படாது. அவர் மீதான புகாரை நிறுவனம் இன்றே திரும்பப் பெறுகிறது.