இன்னும் ஆறு அவுட்

எங்கள் பேஸ்பால் மைதானத்தில் மூன்றாவது பேஸ் பக்கம் உட்கார்ந்தால் மாலை வெயில் முதுகில்தான் விழும், கண் கூசாது. அதனால்தான் இருபத்தாறு வருஷமாக அதே வரிசையில் இடம் எடுத்து வந்தேன். கடல் காற்றும் வரும். நெரெய்தாவுக்கும் அந்த இடம் பிடித்துப்போயிற்று. பலகை கொஞ்சம் கடினம்தான், அதற்கும் பழகிவிட்டாள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அரசு வக்கீலம்மா. சொல்கிறேன். என் பெயர் லியோவிகில்தோ பிரித்தோ. சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை பார்த்தவன். ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. நெரெய்தா என் மனைவி. முப்பத்து மூன்று வருஷம். பிள்ளைகள் இல்லை.

எங்களுக்குப் பெலிக்கன்கள் இருந்தார்கள், எங்கள் ஊர் அணி. எனக்கு இருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. அக்டோபரில் பருவம் தொடங்கினால் ஜனவரி வரை எனக்கு வேறு நாள், கிழமை கிடையாது. எங்கள் அணி கோப்பையைத் தொட்டு முப்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது. தலைநகர்க்காரர்கள், "பெலிக்கன் மீனைத்தான் பிடிக்கும், கோப்பையைப் பிடிக்காது" என்பார்கள். டோமினோ மேசையில் அதைக் கேட்டுக் கேட்டு என் தலை நரைத்தது.

நெரெய்தாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. தலைநகர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லிப் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டார்கள். படுக்கை காலியானதும் கூப்பிடுவோம், அதுவரை உப்பு வேண்டாம், படி ஏற வேண்டாம் என்றார்கள். ஆட்ட நாட்களில் அவள் தங்கை இசௌரா வந்து துணைக்கு இருப்பாள். போன அக்டோபரில் இசௌரா மகளின் பிரசவத்துக்காக வடக்கே போய்விட்டாள். தனியாக விட முடியாது. அதனால் நெரெய்தாவையும் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். நல்ல எண்ணத்தில்தான்.

அதுவரை ஆடிய நான்கையும் தோற்றிருந்தோம். அன்று ஆறுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

அடுத்த ஆட்டத்துக்கு அவளுக்கு அலுப்பாக இருந்தது, வரவில்லை. ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். அதற்கடுத்த ஆட்டத்துக்கு வந்தாள், ஜெயித்தோம். நவம்பர் கடைசிக்குள் அவள் வந்த பதினோரு ஆட்டத்தில் பத்தில் வெற்றி. நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை, அம்மா. எடை பார்த்துப் பிழைத்தவன். முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் நம்புவேன்.

எங்கள் பகுதி முழுவதும் இதைக் கவனித்துவிட்டது. பக்கத்து இடத்தில் தீத்தோ வில்மோர் உட்காருவான், துறைமுகத்தில் வெல்டர். அவன்தான் முதலில் ஆரம்பித்தது.

"அண்ணி, ஒரு நாள் நீங்க வரலைன்னா இந்தப் பசங்களுக்கு மட்டையே புடிக்கத் தெரியல. நீங்கதான் எங்க ஞானத்தாய், சொல்லிட்டேன்."

"போடா வெட்டிப்பய. எனக்கு எந்தப் பக்கம் நம்மாளுன்னே தெரியாது" என்பாள் அவள், கையிலிருந்த குரோஷா ஊசியை நிறுத்தாமல்.

"அது தெரியவே வேணாம் அண்ணி. நீங்க சும்மா உக்காந்திருங்க, போதும்."

வருகிறவர்கள் எல்லாரும் ஆட்டம் தொடங்குமுன் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள். வேர்க்கடலைக்காரி அவளுக்கென்று உப்பில்லாமல் தனியாக வறுத்துக் கொண்டுவருவாள். நெரெய்தா சிரிப்பாள். முப்பத்து மூன்று வருஷத்தில் அவளை அப்படிப் பலர் சூழ்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை நீங்கள் தீத்தோவிடமே கேட்கலாம்.

டிசம்பரில் அவள் கால் வீங்கத் தொடங்கியது. செருப்பு நுழையவில்லை. நான் கத்தியால் செருப்பின் மேல்வாரை வெட்டி அகலமாக்கிக் கொடுத்தேன். படி ஏற முடியவில்லை என்றாள். பத்துப் படிக்கு ஒருமுறை நிற்க வைத்துக் கூட்டிப்போனேன். வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை முக்கால் மணி முன்னதாக மாற்றிக்கொண்டேன். எதையும் அவசரப்படுத்தவில்லை.

ஜனவரியில், மூவரசர் திருநாளுக்கு மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் பேசினாள், சின்ன வயதுக் குரல்.

"ஐயா, உங்க வீட்டம்மாவுக்குப் படுக்கை கெடச்சிருக்கு. பதினாலாந்தேதி கூட்டிட்டு வந்துருங்க."

அன்றைக்கு நாங்கள் இறுதித் தொடருக்குப் போக இன்னும் இரண்டு வெற்றி வேண்டியிருந்தது. பதினான்காம் தேதி படுத்தால் பிப்ரவரியில்தான் எழுந்திருப்பாள். நான் யோசித்தேன். நீண்ட நேரம் யோசித்தேன் என்று சொன்னால் பொய்.

"அவளுக்குச் சளி புடிச்சிருக்கும்மா. காய்ச்சலும் இருக்கு. அடுத்த தேதி குடுங்க."

"அடுத்தது மார்ச்சுலதான் ஐயா. விட்டுட்டா கஷ்டம். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"மார்ச்சே போதும்" என்றேன்.

நெரெய்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "யாரு கிழவா? ஆஸ்பத்திரியா?"

"இல்ல. தீத்தோ. டிக்கெட் விஷயமா."

"இந்த வாரமாவது கூப்புடுவாங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வாழைக்காய் உரிக்கப் போனாள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தரம் கேட்டாள். இன்னும் கூப்பிடவில்லை என்று சொன்னேன். நம் நாட்டு ஆஸ்பத்திரி அப்படித்தான் என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி இசௌரா ஆஸ்பத்திரியில் விசாரித்து உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை.

இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி, எங்கள் மைதானம். அன்று காலை நெரெய்தாவால் நேராகப் படுக்க முடியவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே விடிந்திருந்தது. உதடு லேசாக நீலம் பூத்திருந்தது. "இன்னைக்கு நான் வரணுமா கிழவா?" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன். கட்டாயப்படுத்தவில்லை. வெட்டின செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தேன், அவ்வளவுதான். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலை நுழைத்துக்கொண்டாள். "சரி, நீ மூஞ்சியைத் தொங்கப்போட்டிருக்கறதப் பாக்க என்னால முடியாது. நாளைக்கு நானே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன்" என்றாள்.

ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது நாங்கள் நான்கு, அவர்கள் மூன்று. மேளச் சத்தத்தில் பலகையெல்லாம் அதிர்ந்தது. இன்னும் இரண்டு இன்னிங்ஸ். அவர்களை ஆறு முறை அவுட்டாக்கினால் கோப்பை எங்களுக்கு.

போலீஸ்காரரிடம் நான் வேறு மாதிரி சொல்லியிருந்தேன். ஜெயித்ததும் எல்லாரும் எழுந்தபோதுதான் அவள் எழவில்லை என்பதைக் கவனித்தேன் என்று. அது சரியல்ல. இப்போது திருத்திக்கொள்ளுங்கள்.

எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது அவள் குரோஷாவை மடியில் வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கிழவா, மூச்சு முட்டுது. எந்திரிப்போம்."

முதலுதவி அறை எங்கள் படிக்கட்டுக்கு நேர் கீழே. ஒரு டாக்டர் எப்போதும் இருப்பார், ஆக்சிஜன் உருளையும் இருக்கும். நாற்பது படி. எனக்குத் தெரியும்.

"இன்னும் ஆறு அவுட்தான்" என்றேன்.

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். ஆறு என்றால் எவ்வளவு நேரம் என்று அவளுக்கு அந்தப் பருவத்தில்தான் தெரிந்திருந்தது. முதல் அவுட் விழுந்தது. "இப்ப எத்தனை?" என்றாள். ஐந்து என்றேன். அடுத்தவன் ஓங்கி அடித்த பந்தை எங்கள் ஆள் வேலியோரம் ஓடிப் பிடித்தான். "எத்தனை?" நான்கு என்றேன். என் மணிக்கட்டில் நகம் பதிந்திருந்தது. உங்கள் டாக்டர் அதைப் படம் எடுத்திருக்கிறார்.

தீத்தோ குனிந்து பார்த்தான். "அண்ணே, அண்ணி மூஞ்சியே சரியில்லையே. நான் தூக்கிக்கறேன், நீங்க வழி விடுங்க. கீழ டாக்டர் இருக்காரு."

"அவ தூங்குறாடா. ராத்திரி தூக்கம் இல்ல. எழுப்பாத."

அவன் என்னை ஒருமுறை பார்த்தான், அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு மைதானத்தைப் பார்த்தான். நான் என் தொப்பியைக் கழற்றி அவள் முகத்தில் சாய்த்துவைத்தேன், வெயிலுக்காக. நான் சொன்னேனே, அந்தப் பக்கம் வெயில் முகத்தில் விழாது. தீத்தோவுக்கும் அது தெரியும். அவனை வழக்கில் சேர்க்காதீர்கள். அவன் என்னை நம்பினான்.

மூன்றாவது அவுட் விழுந்தபோது அவள் எத்தனை என்று கேட்கவில்லை. மணிக்கட்டில் பிடி தளர்ந்திருந்தது. அதன் பிறகு எங்கள் பையன்கள் மட்டை பிடித்தார்கள். பத்து நிமிஷம் கிடைத்தது. தொப்பிக்கடியில் மூச்சு இன்னும் இருந்தது, இழுத்து இழுத்து. எனக்குக் கேட்டது. முன்னணியில் இருக்கும்போது இடத்தை விட்டு எழுந்தால் ஆட்டம் புரண்டுவிடும். அதை நான் பல தரம் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாவது அவுட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் சத்தம் நின்றது. மேளச் சத்தம் அல்ல.

நான்குக்கு மூன்று. முப்பத்தோரு வருஷம். எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், வேர்க்கடலைக்காரி தட்டையே மேலே வீசினாள். நான் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது இல்லாவிட்டால் துக்கமாவது வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை. நெரெய்தாவின் தோளைத் தொட வந்த ஒரு பெண்தான் முதலில் கத்தினாள்.

தெரு முழுக்கக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம் ஆயிற்று.

நான் அவளைக் கைவிட்டுவிட்டதாக இசௌரா எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, அம்மா. அவள் மூச்சு நின்ற பிறகும்கூட நான் அவள் பக்கத்தை விட்டு எழவே இல்லை.