முருகன் குளிசையை வேண்டாமெண்டு சொன்னவரே?

கதிரை நிறைய இருக்கிற தலைவர் செந்தில்நாதன் அங்கிளுக்கு வணக்கம். அவருக்குப் பக்கத்தில பட்டு மின்ன இருக்கிற மகளிர் அணித் தலைவி ரஞ்சினி அன்ரிக்கு வணக்கம். முன்வரிசையில வேட்டி கசங்காமல் இருக்கிற பெரியோருக்கு வணக்கம். அங்கால குசினியில நிண்டு வடை சுட்டுக்கொண்டே காதைத் தீட்டிவைச்சிருக்கிற தாய்மாரே, உங்களுக்குத்தான் முதல் வணக்கம் சொல்லியிருக்கவேணும். கடைசியாச் சொல்லுறன். இந்த மேடையின்ர மரபு அப்பிடித்தானே!

தலைவர் என்னை அறிமுகப்படுத்தேக்க என்ன சொன்னவர்? "சிவகௌரியின்ர மகள் லக்சிகா, யூனிப் படிப்பை இடையில விட்டிட்டு நிக்கிற பிள்ளை, தாயைப் பற்றி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுவா" எண்டவர். ஓம் அங்கிள், யூனியை விட்டிட்டன். அந்த ரெண்டு நல்ல வார்த்தையையும் விட்டிட்டுத்தான் வந்தனான்.

இந்தா, முன்னுக்குச் சில்லுக்கதிரையில இருக்கிறா என்ர அம்மா. இண்டைக்கு அவவுக்குப் பொன்னாடை. ‘தவத் திருமகள்’ எண்டு பட்டம். எதுக்கு? போன வருஷம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இரவில ஒரு கிளாஸ் பாலோட விரதம் பிடிச்சு, சூரன்போர் அண்டு காலமை குசினியில விழுந்ததுக்கு! விழுந்தவளைத் தூக்க ஆள் வரேல்லை. விழுந்ததைப் புகழ மண்டபம் நிறைஞ்சிருக்கு!

அம்மாவுக்குக் கனகாலமாப் பிரஷர். டொக்டர் குளிசை குடுத்தவர், ஒரு நாளும் விடக்கூடாது எண்டும் சொன்னவர். வீட்டில அளக்கிற மிஷினும் இருக்கு. ஆருக்கு? அப்பாவுக்கு! விடியக்காலமை அப்பாவின்ர கையில பட்டியைச் சுத்திறது அம்மா. தன்ர கையில அவ சுத்தினது வளையல் மட்டும்தான்.

சஷ்டி தொடங்கினது. குளிசை போட்டால் விரதம் முறிஞ்சுபோம் எண்டு பெட்டியை அலுமாரிக்குள்ள தள்ளிட்டா.

"அம்மா, குளிசை போட்டனீங்களே?"

"முருகன் பாப்பார். நீ உன்ர அலுவலைப் பார்."

"முருகன் குளிசையை வேண்டாமெண்டு சொன்னவரே? எந்த ஹொஸ்பிட்டலில வேலை செய்யிறார் அவர்?"

அகப்பை பறந்து வந்தது. சிரிக்கிறீங்கள், சிரியுங்கோ. பிறகு அம்மா சொன்னதையும் கேளுங்கோ. "ரஞ்சினிக்கும் பிரஷர்தான். அவ ஆறு நாளும் குளிசை இல்லாமல் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறா. எனக்கு மட்டும் என்னடி கேடு?"

அந்த விரதம் ஆருக்காக? எனக்காக. நான் திரும்பிப் படிக்கப்போகவேணும் எண்டு. என்ன அங்கிள், பின்னால? "அப்ப நீ போயிருக்கலாமே" எண்டோ? நல்லாக் கேட்டியள்! நான் எக்கவுண்டிங் படிக்காததாலயோ அம்மான்ர மூளையில ரத்தக்குழாய் வெடிச்சது? பிரஷர் ஏறினதால வெடிச்சது எண்டு டொக்டர் சொன்னவர். நீங்கள் எந்த யூனியில படிச்சனீங்கள்?

வலக்கை போச்சு. பேச்சு பாதி போச்சு. என்ர பேரைச் சொல்ல அவவுக்கு மூச்சு வாங்குது.

பொறுமை பொறுமை எண்டு புகழ்ந்து புகழ்ந்தே எங்கட பொம்பிளையளைப் புதைச்சுப்போடுவியள்! தலை இடிச்சாப் பனடோல், தலை சுத்தினாப் பிளேன்ரீ, நெஞ்சடைச்சாத் திருநீறு! கறுத்தப் பொம்பிளையள் நாங்கள். இன்னும் கறுத்துப்போவம் எண்டு முகத்துக்குக் கிறீம் பூசத் தெரியுது. உள்ளுக்குக் கொதிக்கிற ரத்தத்தை அளக்கத் தெரியாதோ? நோகட்டும், பிறகு பாப்பம் எண்டு இருக்கிறீங்களோ? பிரஷர் கனபேருக்கு நோகாது. சத்தம் போடாது. ஒரு நாள் அப்பிடியே ஆளைச் சரிச்சுப்போட்டுப் போகும்!

தலைவர் துண்டு எழுதி அனுப்பியிருக்கிறார், சுருக்கமா முடிக்கட்டாம். முடிக்கேலாது அங்கிள். வாற கிழமை திரும்பவும் சஷ்டி. நேற்று அம்மா இடக்கையால குளிசைப் பெட்டியைத் தள்ளிவிட்டா. இண்டைக்குக் காலமையும் போடேல்லை. இந்த முறையும் பிடிக்கப்போறாவாம். பொன்னாடை போர்க்கிற ஆள் குளிசை போட்டால் சனம் என்ன சொல்லும் எண்டு கேக்கிறா. பாத்தியளே, உங்கட பட்டம் செய்யிற வேலையை?

என்ர சொல்லு அவவுக்கு ஏறாது. உங்கட வாய்க்குத்தான் பயம். அதுதான் இந்த மைக்கைப் பிடிச்சனான். தாய்மாரே, சஷ்டியில குளிசை போட்ட ஆள் ஒருத்தர் கையைத் தூக்குங்கோ. ஒருத்தர்! இல்லையோ? இந்த மண்டபத்தில ஒருத்தருக்கும் பிரஷர் இல்லையோ? எனக்கு இப்ப ஏறுது!

என்ன ரஞ்சினி அன்ரி, எழும்பிறீங்கள்? சத்தமாச் சொல்லுங்கோ, விளங்கேல்லை. இந்தாங்கோ மைக்.

கேட்டீங்களோ சபையோரே? "நான் ஒவ்வொரு சஷ்டியும் போடுறனான் பிள்ளை. பாத்ரூமுக்க கதவைச் சாத்திப்போட்டு. ஒருத்தருக்கும் சொன்னதில்லை." கேட்டீங்களோ?

அன்ரி, நீங்கள் போட்டது பிழையில்லை. அதாலதான் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறீங்கள். ஏன் ஒளிச்சனீங்கள்? அம்மா உங்களைப் பாத்துத்தானே விட்டவ! நீங்கள் அங்க ஒளிச்சுக் குடிச்ச ஒரு மிடறு தண்ணி, எங்கட வீட்டில ஒரு கையைக் கொண்டுபோட்டுது. அழாதேங்கோ. என்னட்ட மன்னிப்பும் கேக்காதேங்கோ. கீழ இறங்கி அம்மாவுக்குப் பக்கத்தில போங்கோ. இந்தாங்கோ, அவவின்ர இண்டையான் குளிசை. நான் நீட்டினால் வாங்கமாட்டா. நீங்கள் குடுங்கோ, தண்ணியோட, இந்தச் சனம் எல்லாம் பாக்க.

அவ போறதுக்கிடையில மற்றாக்களுக்குச் சொல்லுறன். விரதம் பிடியுங்கோ, நான் குறுக்க நிக்கேல்லை. பிடிக்க முதல் டொக்டரைக் கேளுங்கோ. நீங்களா குளிசையை நிப்பாட்டாதேங்கோ. மனுசன்ர கையில சுத்திற பட்டியை உங்கட கையிலயும் சுத்துங்கோ. பிரஷர் கூடுதலாக் காட்டினால் ஒளிக்காதேங்கோ; பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லுங்கோ, அவளும் ஒளிச்சுக்கொண்டுதான் இருப்பாள்.

அம்மா வாயைத் திறக்கிறா. பாருங்கோ, பெத்த மகளுக்குத் திறக்காத வாய்!

கை தட்டாதேங்கோ! முதல்ல விழுங்கட்டும்.

...விழுங்கிட்டா.

துண்டு அனுப்பியும் மைக்கை நிப்பாட்டாத தலைவருக்கு நன்றி. இருந்து ஏச்சு வாங்கின எல்லாருக்கும் நன்றி. வடைக்கு முன்னால குளிசையைப் போடுங்கோ தாய்மாரே, வணக்கம்!