சாம்பல் ரோட்டின் சாவி

கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவதில் எனக்குச் சோம்பல் கிடையாது. கடத்தூர் பக்கத்தில் எங்கள் காட்டுக்குள் போகும் ஒரு கிலோமீட்டர் ரோடு அது. நிலம் நான் கொடுத்தது. முனையில் என் அப்பா பெயர் வெட்டிய கல் நிற்கிறது. அதனால் காலையும் மாலையும் ரோட்டின் மேல் விரித்த சாக்குகளை நானே நனைத்தேன்.

சிமெண்டோடு அனல்மின் நிலையத்துச் சாம்பலும் கலந்திருந்தார்கள். "சாம்பல் போட்டா மெதுவாத்தான் இறுகும்ங்க. இறுகிட்டா பாறைதான். இருபத்தெட்டு நாளைக்கு வண்டி விடாதீங்க," என்று இன்ஜினியர் மதியழகன் சொன்னார். முனையில் சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில்.

ரோட்டின் தொடக்கத்தில் என் வீடு, கடைசியில் முருகேஷின் வீடு. நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் என் மகள் வெண்மதி அவனைத்தான் கட்டிக்கொண்டாள். மூன்று வருடமாகப் பேச்சில்லை. அது கோபம் இல்லை. ஒழுங்கு.

இருபத்தாறாம் நாள் பகல் பதினொரு மணிக்கு முருகேஷ் ஓடி வந்தான். பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாமா, சாவியக் குடுங்க மாமா. வெண்மதிக்கு வலி கண்டு ரத்தமாப் போவுது. ஆம்புலன்ஸ் சங்கிலிகிட்ட நிக்குது."

ஐயா என்று கூப்பிட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

"யாருக்கு யாருப்பா மாமன்?" என்றேன். "சாம்பல் போட்ட ரோடு. இன்னும் ரெண்டு நாள் பொறுக்கணும்."

"குடுத்துடுங்க. அது நம்ம வூட்டுப் புள்ளைங்க," என்றாள் பின்னாலிருந்து என் மனைவி ஜானகியம்மாள்.

பூட்டை உடைக்க ஒருவருக்கும் கை எழவில்லை. என் முன்னால் எழாது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவளைச் சுமந்து திரும்பும்போது பாதி ரோட்டில் இறக்கி வைத்தார்கள். அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. வெண்மதி ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அன்று சாயங்காலமே ஜானகி பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போனவள்தான், திரும்பவில்லை. நானே சமைத்துக்கொள்கிறேன். ஒரு தம்ளர் அரிசி இரண்டு வேளைக்கு வருகிறது. முருகேஷ் குழந்தையை இந்த ரோட்டில் கொண்டுவருவதில்லை. சேற்று வரப்பில் சுற்றிக்கொண்டு போகிறான். நல்ல ரோடு சும்மா கிடக்கிறது.

ரோட்டைக் காப்பாற்றத்தான் சாவியைக் கொடுக்கவில்லை என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ள வந்திருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அதே இருபத்தாறாம் நாள் விடியற்காலையில், ஆள் நடமாட்டம் தொடங்கும் முன், சங்கிலியை அவிழ்த்து என் காரை அந்த ரோட்டில் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு கீறல் விழவில்லை.