முடிவு மட்டும் கேட்ட பாட்டு

மலைக்காட்டு ஈரத்தில் முதலில் கெட்டுப்போவது ரொட்டிதான், ஐயா. அன்றும் ரொட்டி பூசணம் பிடித்திருந்தது. அதனால்தான் நெலிடா ஆற்றைக் கடந்து ஊருக்குப் போனாள்.

நாங்கள் கணவன் மனைவி. லிமாவில் ஒரே அருங்காட்சியகத்தில், பறவைப் பிரிவில் வேலை. அந்தப் பழுப்புத் தரைக்குருவியைக் கண்டுபிடித்தவள் அவள். கண்ணால் அல்ல, காதால். பெட்டை பாடத் தொடங்கும்; ஆண் முடித்துவைக்கும். அந்த மலை முழுக்கத் தேடியும் ஒரு ஜோடிக்கு மேல் எங்களுக்குக் கேட்கவில்லை.

புதிய இனம் என்று அறிவிக்க உடல் வேண்டும் என்பது என் கட்சி.

"பாட்டு இருக்கு, இறகு இருக்கு. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கலாம். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்றாள்.

"வகைப்பாட்டுக் குழுவுல இருக்கறதெல்லாம் கெழவனுங்க, நெலி. தொட்டுப் பாத்தாத்தான் நம்புவானுங்க."

"அப்ப இங்க ஏறி வரச் சொல்லு. பாதி வழியிலயே மூச்சு வாங்கி உக்காந்துருவானுங்க." சிரித்தாள்.

அவள் ஊருக்குப் போயிருந்தபோது பெட்டை என் வலையில் விழுந்தது. மார்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் போதும், துடிப்பு தானே அடங்கும். தோலை உரித்துப் பஞ்சு அடைத்தேன். நேர்த்தியாகவே வந்தது.

அவள் திரும்பிய நேரம் ஆண் கூவிக்கொண்டிருந்தது. மூட்டையை இறக்காமல் நின்று கேட்டாள். பாட்டின் முடிவு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு மேசையைப் பார்த்தாள்.

"அவளத்தான் கூப்பிடுது, தியோ. இதக் கேட்டுக்கிட்டேவா பஞ்சு அடைச்ச?"

நான் உரிக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் லிமாவுக்குப் போறேன். நடந்தத அப்படியே குழுகிட்ட சொல்லிருவேன்."

ஆற்றைக் கடக்க, கரைக்குக் கரை கட்டிய நார்க்கயிற்றில் தொங்கும் மரக்கூடை ஒன்றுதான் உண்டு. ஏறி உட்கார்ந்தாள். நானே தள்ளிவிட்டேன். நடு ஆற்றுக்குப் போனதும் திரும்பிப் பார்த்தாள். மனம் மாறிவிட்டாளோ என்று ஒரு கணம் காத்திருந்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உரிக்கும் கத்தி என் இடுப்பில் இருந்தது. கயிறு ஏற்கெனவே நைந்துதான் இருந்தது. மீதியை அறுத்தேன். பழைய கயிறு அறுந்துவிட்டது என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

அதன்பிறகும் ஆண் கூவியது. இணையை இழந்தவன் குரலை என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. இரக்கப்பட்டுத்தான் சுட்டேன். இரண்டும் இப்போது ஒரே இழுப்பறையில் அருகருகே இருக்கின்றன.

போன வாரம் குழு இனத்தை ஏற்றுக்கொண்டது. கூட்டத்தில் அவள் பதிவுசெய்த பாட்டைப் போட்டார்கள். பாட்டுக்கு முன்னால் அவள் குரல், மிக மெதுவாக: "தியோ, அசையாத. பாடப் போறாங்க."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. அதனால்தான் நானே காவல் நிலையம் தேடி உங்களிடம் வந்தேன்.

பறவைக்கு அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் வராமல் பார்த்துக்கொண்டேன். ஒரு மனைவிக்கு இதைவிட அதிகமாக யார் செய்திருப்பார்கள், சொல்லுங்கள்.